கொலஸ்திரோல் மருந்தும் ஈரலும்: ஓர் அச்சத்தின் வரலாறு

தமிழ் வழக்கிலே பேரச்சத்தைக் குறிக்கும் தொடர்களுள் 'ஈரற்குலை நடுங்கிற்று' என்பது ஒன்று. அஞ்சியவனுடைய நெஞ்சு துடிப்பதையும் கை நடுங்குவதையும் பிறர் காணலாம். ஈரல் நடுங்குவதைக் கண்டவர் எவருமிலர். உடலின் ஆழத்தே ஓசையின்றிக் கிடக்கும் உறுப்பாதலின், உயிர்நிலை அங்கேதான் உளது என மக்கள் எண்ணினர் போலும். நம் காலத்தில் இத்தொடருக்குப் புதியதொரு பொருளும் வந்து சேர்ந்துள்ளது. இருதயத்தைக் காப்பதற்கென வைத்தியர் கொடுக்கும் ஒரு குளிசையைக் கையில் எடுக்கும்போது மக்களுக்கு ஈரலைப் பற்றிய நடுக்கம் உண்டாகின்றது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்பவர் காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து, களியோடைப் பாலத்தைத் தாண்டியதும் ஒலுவிலை அடைவர். மேற்கே நெல்வயல், கிழக்கே கடல். இடையே பள்ளிவாசல்களும் தென்னந்தோட்டங்களும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களும். உழவும் மீன்பிடியும் இவ்வூரின் பழந்தொழில்கள். எருது பூட்டி உழுத நிலத்தில் இன்று உழவு இயந்திரம் ஓடுகின்றது. துடுப்பு வலித்த கை இன்று இயந்திரப் படகின் சுக்கானைப் பிடித்திருக்கின்றது. உடலுழைப்புக் குறைந்த அளவுக்குச் சோற்றின் அளவு குறையவில்லை. ஆகவே கிளினிக் நாளில் அரசினர் வைத்தியசாலையின் வாங்குகள் நிறைந்துவிடுகின்றன. பிறசருக்கும் சீனி வருத்தத்துக்கும் கொடுக்கும் குளிசைகளைத் தவறாது விழுங்குவோர், கொலஸ்திரோலுக்குக் கொடுக்கும் குளிசையை மட்டும் ஐயக்கண்ணோடு நோக்குவர். 'கொழுப்புக் குளிசை போட்டால் ஈரல் பழுதாகும்' என்னும் வாக்கு ஒலுவிலுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வழங்குவதே. அவ்வாக்கு வெறும் கற்பனையுமன்று. அதற்குப் பிறப்பிடம் உண்டு. வளர்ந்த கதையும் உண்டு.

கொலஸ்திரோல் முதன்முதலில் மனிதர் கண்ணிற் பட்டது ஈரலின் அயலிலேதான். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சிய அறிஞர் பித்தக்கற்களிலிருந்து மெழுகு போன்றதொரு பொருளைப் பிரித்தெடுத்தனர். 1815 ஆம் ஆண்டளவில் அதனை ஆராய்ந்த செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர், பித்தம், திண்மம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். உணவினால் மட்டும் உடலிற் சேரும் பொருள் இது என்று பலர் இன்றும் கருதுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. அவ்வாக்கத்தில் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அசற்றேற்று என்னும் சிறு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ முப்பது படிகளைக் கடந்து கொலஸ்திரோல் உருவாகும் வழியை விளக்கியமைக்காகவே கொன்றாட் புளொக், பியோடோர் லைனன் ஆகிய இருவரும் 1964 இல் நொபெல் பரிசு பெற்றனர். கொலஸ்திரோலைக் குறைக்க விரும்பும் மருந்து ஈரலினுள்ளே புகுந்து பணியாற்ற வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. வேலை நடக்கும் இடத்திற்றானே விபத்தைப் பற்றிய பேச்சும் எழும்!

1913 ஆம் ஆண்டிலே உருசியாவின் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி அவற்றின் நாடிச் சுவர்களிற் கொழுப்புப் படிவதைக் காட்டியிருந்தார். எனினும் அதனைக் குறைக்கும் மருந்துக்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1955 இல் கனடாவைச் சேர்ந்த அல்சுல், ஹொவர், ஸ்ரீவன் ஆகிய மூவர், நிக்கொற்றினிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைப் பெருமளவிற் கொடுத்தாற் கொலஸ்திரோல் குறைவதை அறிவித்தனர். மருந்து மலிவானது, ஆனால் உண்டவர் முகம் சிவந்து உடல் கொதிக்கும். அத்தொல்லையைத் தவிர்ப்பதற்காக மெல்ல மெல்லக் கரையும் குளிசைகள் பின்னர் செய்யப்பட்டன. முகச் சிவப்புக் குறைந்தது. துன்பமோ ஈரலுக்கு இடம்மாறியது. 1994 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மெல்லக் கரையும் வகையை உண்ட 23 பேருள் 12 பேருக்கு ஈரல் தாக்கமுற்றது. உடன் கரையும் வகையை உண்ட 23 பேருள் ஒருவருக்கேனும் அவ்வாறு நிகழவில்லை. ஒரே மருந்து, கரையும் வேகத்தில் மட்டுமே வேறுபாடு. 'கொழுப்பு மருந்து ஈரலைக் கெடுக்கும்' என்னும் வாக்குக்கு வலுவான சான்று ஒன்று உண்டெனில் அது இதுவே. ஆயின் இன்று ஒலுவிற் கிளினிக்கில் வழங்கப்படும் குளிசை இவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

அச்சத்தின் இன்னொரு வேர் 1960 ஆம் ஆண்டில் ஊன்றப்பட்டது. அமெரிக்காவின் மெரெல் நிறுவனம் திரிபரனோல் என்னும் மருந்தை எம்.ஈ.ஆர். 29 என்னும் பெயருடன் விற்பனைக்கு விட்டது. மேற்கூறிய முப்பது படிகளில் இறுதிப் படியை அது தடுத்தது. மடையை வாய்க்காலின் தலையிலே அடைத்தால் நீர் குளத்தில் நிற்கும். வயலின் வாயிலில் அடைத்தால் வாய்க்கால் பெருகி உடைக்கும். அவ்வாறே கொலஸ்திரோலுக்கு முந்திய பொருளாகிய டெஸ்மொஸ்திரோல் குருதியிலும் இழையங்களிலும் தேங்கியது. உண்டோர் சிலருக்கு மயிர் உதிர்ந்தது, தோல் வரண்டது, இளவயதினருக்கும் கண்ணிற் புரை படர்ந்தது. இவற்றிற் சிலவற்றை விலங்குகளிடத்து நிறுவனம் முன்னரே கண்டிருந்தது என்பதே கொடுமை. மருந்துண்ட குரங்கு பற்றிய பதிவை மாற்றியெழுதுமாறு பணிக்கப்பட்ட ஆய்வுகூட ஊழியப் பெண் ஒருவர் மனம் பொறாது வேலையை விட்டு விலகினார். அவருடைய கணவரும் அரசாங்க மருந்துப் பரிசோதகர் ஒருவரும் நாள்தோறும் ஒரே காரில் வேலைக்குச் செல்பவராயிருந்தனர். அக்காரிலே நடந்த உரையாடலிலிருந்து செய்தி கசிந்தது. 1962 ஏப்ரலில் மருந்து மீட்கப்பட்டது. 1964 இல் நிறுவனத்துக்கு 80,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தலிடமைட் என்னும் பெருங்கேட்டு மருந்தை அமெரிக்காவில் விற்பதற்கு விண்ணப்பித்திருந்ததும் இதே நிறுவனந்தான் என்பது அறிந்தோர் அறிவர். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொலஸ்திரோல் மருந்து என்றாலே அதிகாரிகள் கண்ணையும் ஈரலையும் முதலில் நினைத்தனர்.

ஈரலைச் சோதிக்கும் கருவியும் ஏறக்குறைய அக்காலத்திலேயே வைத்தியர் கைக்கு வந்தது. மருத்துவச் சீட்டுகளிலே எஸ்.ஜி.ஓ.ரி., எஸ்.ஜி.பி.ரி. எனக் காணப்படும் நொதியங்களைக் குருதியில் அளக்கும் முறை 1954, 1955 ஆம் ஆண்டுகளிலே நியூயோர்க்கைச் சேர்ந்த லடூ, உருபுளெவ்சுக்கி, கார்மன் ஆகியோரால் வெளியிடப்பட்டது. அவர்கள் முதலில் நாடியது மாரடைப்பைக் கண்டறிவதை. இருதயத் தசை சிதையும்போது எஸ்.ஜி.ஓ.ரி. குருதியில் உயருமென்று கண்ட பின்னரே, ஈரல் நோயிலும் அது உயர்வது தெளிவாயிற்று. உடற்றசை நொந்தாலும் அது உயரும். கடும் வேலை செய்த மறுநாள் குருதி கொடுத்த உழவனின் சீட்டில் எண் கூடியிருந்தால் ஈரலின்மேற் பழி போடுதல் பொருந்தாது. இந்நொதியங்கள் கலத்தினுள்ளே இருப்பவை. கலம் சற்றே கசிந்தாலும் வெளியே வரும். கசிவு வேறு, அழிவு வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்க நெடுநாள் உழைத்தவர் ஹைமன் சிமர்மன் என்னும் அமெரிக்க வைத்தியர். நொதியம் உச்ச அளவின் மூன்று மடங்கைத் தாண்டுவதோடு பித்தநிறமாகிய பிலிருபினும் இரு மடங்கைத் தாண்டி, அதற்கு வேறு காரணமும் காணப்படாவிடின், அத்தகையோருட் பத்தில் ஒருவர் அளவு உயிரிழக்கக்கூடும் என அவர் காட்டினார். நொதியம் மட்டும் சிறிது உயர்ந்து நிற்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

கிளோபைபிரேற்று என்னும் மருந்தின் கதையைச் சுருக்கமாகக் கூறினாற் போதும். எடின்பரோ, பிராக், புடபெஸ்ற் ஆகிய நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 1978 இல் வெளிவந்தது. மாரடைப்புச் சற்றுக் குறைந்தது. ஆனால் மொத்த இறப்பு மருந்துண்டோரிடையே கூடியிருந்தது. பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியோர் தொகையும் மிகுந்தது. மருந்து நோயினும் கொடிது என்னும் எண்ணம் அறிஞரிடையேயும் பரவிய காலம் அது.

அக்காலத்திலேதான் யப்பானிலே அக்கிரா எண்டோ என்பவர் தம் ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அக்கித்தா மாவட்டத்து உழவர் குடியில் 1933 இற் பிறந்தவர். காளான்களிலும் பூஞ்சணங்களிலும் சிறுவயது முதலே ஈடுபாடு கொண்டவர். பெனிசிலினைத் தந்த பூஞ்சணம் தன் பகையை வெல்லப் பல இரசாயனங்களை ஆக்குமாயின், கொலஸ்திரோல் ஆக்கத்தைத் தடுப்பதொன்றையும் அது ஆக்கக்கூடும் என்று அவர் கருதினார். 1971 இல் சங்கியோ நிறுவனத்தில் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். 1973 இற் கிடைத்தது வெற்றி. கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து பெற்ற நீலப் பூஞ்சணத்தில் அவர் தேடிய பொருள் இருந்தது. பூசணம் பிடித்த அரிசியை முகம் சுளித்து வீசும் நாட்டினர் நாம். எண்டோவோ அதைப் போற்றி வைத்தார். கொம்பக்ரின் எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பொருள், முப்பது படிகளின் தொடக்கத்திலுள்ளதொரு படியைத் தடுத்தது. திரிபரனோல் போல வாய்க்காலின் கடைவாயை அடையாமல், தலைமடையை அடைத்தது எனலாம்.

வெற்றியைத் தொடர்ந்து வந்தவை தடைகளே. எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்திரோல் குறையவில்லை. எலியின் ஈரல், தடுக்கப்பட்ட நொதியத்தைப் பன்மடங்கு மிகுதியாக ஆக்கி மருந்தைத் தோற்கடித்துவிட்டது. நிறுவனம் கைவிடும் நிலையில், 1976 இல் நண்பர் ஒருவரிடமிருந்த முட்டையிடும் பெட்டைக்கோழிகளை எண்டோ கேட்டுப் பெற்றார். முட்டையிலே கொலஸ்திரோல் நிறைய உண்டாதலாற் கோழியின் குருதியிலும் அது மிகுந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்புப் பொய்க்கவில்லை, ஒரு மாதத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு குறைந்தது. மீண்டும் நம்பிக்கை பிறந்தது. 1977 இல் நஞ்சுச் சோதனையாளர் புதியதொரு குற்றத்தைச் சாட்டினர்: பேரளவிலே மருந்துண்ட எலிகளின் ஈரற்கலங்களில் நுண்படிகங்கள் காணப்படுகின்றன, எனவே இது ஈரலுக்கு நஞ்சு. கொலஸ்திரோல் குறைக்கும் பூஞ்சண மருந்துகளின் வரலாற்றில் ஈரல் முதன்முதலாகக் குற்றவாளிக் கூண்டருகே வந்த நாள் இதுவே. அவ்வழக்கைப் பொருட்படுத்தாது, ஒசாக்காப் பல்கலைக்கழகத்து யமமோத்தோ என்னும் வைத்தியர், பரம்பரையாகக் கொலஸ்திரோல் மிகுந்து உயிருக்கு ஆபத்திலிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கு 1978 இல் அம்மருந்தைக் கொடுத்தார். கொலஸ்திரோல் குறைந்தது. துன்பம் தோன்றியது ஈரலிலன்று, தசையிலே. அளவைக் குறைத்ததும் அது நீங்கியது. மனிதரிடையே நலன் தெளிவாகத் தெரிந்தபோதும் 1980 இல் நிறுவனம் வேலையை நிறுத்தியது. நாய்களிற் புற்றுநோய் போன்ற மாற்றம் கண்டதாகச் சொல்லப்பட்டதே காரணம்.

மருந்தின் வரலாறு அமெரிக்காவுக்கு மாறியது. மேர்க் நிறுவனம் இன்னொரு பூஞ்சணத்திலிருந்து கண்ட லொவாஸ்டாட்டின் 1987 செப்ரெம்பரிலே விற்பனை அனுமதி பெற்றது. ஸ்டாட்டின் என்னும் குடும்பத்தில் மக்களை வந்தடைந்த முதற் பிள்ளை அது. அனுமதியோடு வந்த அறிவுரைகளை நோக்குக: மருந்துண்போரின் கண்வில்லையை விளக்குக் கருவியாற் சோதிக்க வேண்டும், ஈரல் நொதியங்களைத் தொடக்க மாதங்களில் அடிக்கடி அளக்க வேண்டும். கண்சோதனை எம்.ஈ.ஆர். 29 விட்டுச்சென்ற நிழல். ஸ்டாட்டினாற் புரை தோன்றவில்லை என்று தெளிந்தபோது அது விரைவில் நீங்கியது. ஈரற் சோதனை நீங்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. மாதந்தோறும் ஓர் உறுப்பைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, அவ்வுறுப்புக்கு ஆபத்து அருமை என்று கூறினால் நோயாளர் நம்புவரோ? சோதனையே அச்சத்தை வளர்த்தது என்று கூறினும் பிழையாகாது.

இதற்கிடையே சான்றுகள் குவிந்தன. 8,245 பேரைக் கொண்டு நடத்தி 1991 இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், நொதியம் மீண்டும் மூன்று மடங்கைத் தாண்டியோர், வெறுங்குளிசை உண்டோரிடையே 0.1 வீதம், 20 மில்லிகிராம் உண்டோரிடையேயும் 0.1 வீதமே, 80 மில்லிகிராம் உண்டோரிடையே 1.5 வீதம். அளவு கூடக் கூடக் கசிவு கூடுகின்றது என்பதும், சிற்றளவில் அது வெறுங்குளிசையினின்று வேறுபடவில்லை என்பதும் இதனாற் பெறப்படும். 1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளின் 4,444 இருதய நோயாளரிடையே நடந்த ஆய்வு, சிம்வாஸ்டாட்டினால் மொத்த இறப்பு 30 வீதம் குறைந்ததைக் காட்டியது. உண்மையான ஈரற்கேடு அறவே இல்லையென்று கூறலாகாது. சுவீடனிலே 1988 முதல் 2010 வரை அறிவிக்கப்பட்டவற்றை ஆராய்ந்தோர், ஓரிலட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவருக்கே அது நேர்ந்ததாகக் கணித்தனர். அவருட் சிலருக்கு அது உயிராபத்தாயிற்று. இத்துணை அருமையாகவும் முன்னறிவிப்பின்றியும் வருவதை மாதச் சோதனை தடுக்கவியலாது. எனவே 2012 பெப்ரவரி 28 ஆந் திகதி அமெரிக்க மருந்து நிருவாகம் ஒழுங்கை மாற்றியது: தொடங்குமுன் ஒருமுறை சோதிக்க, பின்னர் அறிகுறி தோன்றினாற் சோதிக்க.

அவ்வறிகுறிகள் எவை? கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், பசி அறவே கெடுதல், வலப்பக்க மேல்வயிற்று வலி, காரணந் தெரியாத களைப்பு, உடற்சொறி. இவை தோன்றின் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். அறிகுறியின்றி நொதியம் மட்டும் மூன்று மடங்குக்குக் கீழே உயர்ந்திருப்பின், வைத்தியர் பெரும்பாலும் குளிசையைத் தொடரச் செய்து சில வாரங்களில் மீண்டும் அளப்பர். மூன்று மடங்கைத் தாண்டி அவ்வாறே நின்றால், அளவைக் குறைப்பர் அல்லது நிறுத்துவர். நிறுத்தியபின் எண்கள் இறங்குவது வழக்கம். அப்போதும் தேடல் முடிவதில்லை. செங்கண்மாரிக் கிருமிகள், மது, பரசிற்றமோல், காசநோய் மருந்து, ஸ்டாட்டினோடு மோதும் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் என ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்தே பழியை முடிவு செய்வர். எண்கள் தணிந்தபின் குடும்பத்திலே வேறொரு மருந்தைச் சிற்றளவில் தொடங்குவர். அதுவும் இசையாதவருக்கு, குடலிலே கொலஸ்திரோலை மறிக்கும் எசெற்றிமைப் உண்டு. ஆசியருக்கு இன்னொன்று குறிப்பிடத்தக்கது. உரோசுவாஸ்டாட்டின் அவர்களுடைய குருதியில் ஏறத்தாழ இருமடங்கு செறிவுடன் தங்குவதால், 5 மில்லிகிராமிலிருந்து தொடங்குமாறு 2005 முதல் அறிவுறுத்தப்பட்டுள்ளது. வெள்ளையருக்கு அளந்த சட்டை எல்லார்க்கும் பொருந்துவதில்லை.

பலரைக் குழப்புவது கொழுப்பீரல் என்னும் நிலை. கொழும்புக்கு அண்மையிலுள்ள ராகமையில் நடத்தி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வயதுவந்தோருள் 32.6 வீதத்தினரிடம் மது காரணமல்லாத கொழுப்பீரலைக் கண்டது. மூவருள் ஒருவர்! இவர்களுடைய நொதியங்கள் குளிசையைத் தொடுமுன்னரே உயர்ந்திருத்தல் கூடும். பழியோ பின்னர் வந்த குளிசையின்மேல் விழுகின்றது. கிரேக்க நாட்டில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், இத்தகைய மிதமான உயர்வுடையோர் 437 பேருள் ஸ்டாட்டின் உண்டோருக்கு ஈரற் கணக்குச் சீர்ப்பட்டது. உண்ணாதோருக்கு மேலும் உயர்ந்தது. மாரடைப்பு முதலியனவும் உண்டோரிடையே மிகக் குறைந்தன. எவர் ஈரலைக் காரணங்காட்டி மருந்து மறுக்கப்பட்டதோ அவருக்கே அது பெரிதும் உதவிற்று.

குளிசைக்கு அஞ்சியவர் வெறுங்கையோடு இருப்பதில்லை; மூலிகையை நாடுவர். குங்கிலியத்தோடு உறவுடைய குக்குலு என்னும் பிசினைப் பற்றி 1966 இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆய்வேடொன்று நம்பிக்கை ஊட்டியது. 2003 இல் அமெரிக்காவிலே 103 பேரிடம் சோதித்தபோது கெட்ட கொலஸ்திரோல் சிறிது கூடிற்றேயன்றிக் குறையவில்லை. அப்பிசினால் ஈரல் நொந்தோர் பற்றிய அறிக்கைகளும் உள. சிவப்பு ஈஸ்ட் அரிசி என விற்கப்படுவதில் உள்ளது லொவாஸ்டாட்டினே. எண்டோ அதனை 1979 இல் அதே பூஞ்சண இனத்திலிருந்து தாமாகவே பிரித்தெடுத்திருந்தார். இயற்கை என்னும் முகவரியோடு வந்தால் அதே பொருளுக்கு ஈரல் அஞ்சுவதில்லை போலும்! செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடிக்கும் வழக்கத்தையும் இங்கு நினைவுகூரலாம். சென்னை ஆய்வாளர் 1988 இல் அதுபற்றி வெளியிட்ட நல்ல முடிவைப் பின்வந்தோர் மீண்டும் காண இயலவில்லை.

அச்சத்தின் விலையை அளந்தவரும் உளர். டென்மார்க்கில் 1995 முதல் 2010 வரை ஸ்டாட்டின் தொடங்கிய ஏறத்தாழ 6,75,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். பத்திரிகைகளிலே மருந்தைப் பழிக்கும் செய்திகள் மிகுந்தபோது குளிசையை விரைவில் நிறுத்தியோர் தொகையும் மிகுந்தது. அவ்வாறு நிறுத்தியோரிடையே மாரடைப்பு 26 வீதமும், இருதய நோயால் வரும் இறப்பு 18 வீதமும் கூடியிருந்தன. ஒலுவிலிலே பத்திரிகையின் இடத்தை அயல்வீட்டு வாசலும் தேநீர்க் கடையும் எடுத்துக்கொள்கின்றன. ஒருவர் நிறுத்தினாற் பக்கத்து வீட்டவரும் நிறுத்துவர். மாரடைப்பு வந்தபின் அதற்குக் காரணம் நிறுத்திய குளிசை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோன்பு மாதத்தில் இக்குளிசையைப் பற்றிய ஐயம் வேறு வடிவில் எழுகின்றது: பகல் முழுதும் வெறுவயிறாயிருக்கையில் ஈரல் இதனைத் தாங்குமா? ஈரல் கொலஸ்திரோலை இரவிலேயே மிகுதியாக ஆக்குகின்றது. ஆகவே உடலிற் சில மணிநேரமே நிற்கும் சிம்வாஸ்டாட்டினை ஆண்டு முழுதும் இரவிலேதான் கொடுப்பர். நெடுநேரம் நிற்கும் அட்டோர்வாஸ்டாட்டினை எந்நேரமும் கொள்ளலாம். இரண்டும் நோன்பு திறந்த பின்னர் அடங்கும். ஸஹர் உணவோடு அட்டோர்வாஸ்டாட்டினை விழுங்குவோரும் உளர். குளிசைக்காக நோன்பையோ, நோன்புக்காகக் குளிசையையோ விடவேண்டிய தேவை இதிலே எழவில்லை. நேரத்தை மாத்திரம் றமழான் தொடங்குமுன் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுச் சீட்டில் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும்.